துரைசாணி படம் எந்தக் காலத்தது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பழைய பங்களாக்களில் துரைசாணிமார், அதாவது வெள்ளைக்காரத் துரைமாரின் மனைவிமார், புகைப்படம் கிடைத்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, முதலில் சட்டைக் கையைத்தான் பார்ப்பேன். இறுக்கிப் பிடித்த கை, முன்பக்கம் கூராக இறங்கும் இடுப்பு என்றால் 1840கள். முழங்கைக்குக் கீழே மணிபோல் விரிந்து, உள்ளே வெள்ளைத் துணிக் கை தெரிந்தால் பெரும்பாலும் 1850கள். அப்புறம் பாவாடை. அதை விரித்துக் காட்ட உள்ளே அணியும் எஃகு வளையக் கூடு வந்தது 1856இல். சுற்றிலும் பெரிய வட்டமாக விரிந்திருந்தால் அதற்குப் பிந்தியது. 1860களின் கடைசியில் முன்பக்கம் தட்டையாகி, உப்பல் பின்னால் போய்விடும். வயதான பெண்கள் பழைய மோஸ்தரையே உடுத்தியிருப்பார்கள், ஆகவே இளம்பெண்ணின் உடையை நம்புங்கள். படம் ஒட்டிய அட்டையின் பின்புறம் கண்டி ஸ்கோவன் ஸ்டூடியோவின் பெயர் இருந்தால் 1870களுக்கு முன்னே போகவே வேண்டாம். தயவுசெய்து படத்தைக் கண்ணாடியிலிருந்து பிய்க்காதீர்கள். நம் மலை ஈரத்தில் ஒட்டிப்போயிருக்கும்.