கம்பியில் குத்திய கார்டுகளைப் படிப்பது எப்படி?

வந்த தபால் கார்டுகளைக் குத்திவைத்த பழைய கடிதக் கம்பி கிடைத்ததும் எல்லோரும் செய்கிற முதல் தப்பு, கார்டுகளை உருவிப் பாயில் பரப்பிவிடுவது. வந்த வரிசையில்தான் குத்தியிருப்பார்கள்; அடியில் கிடப்பது மூத்தது. தேதி அழிந்த கார்டுக்கு மேலேயும் கீழேயும் இருப்பவை சாட்சி சொல்லும். கழற்றும்போதே பென்சிலால் ஓரத்தில் மெல்ல எண் போடுங்கள். பேனா வேண்டாம். லாமினேஷன் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

காலத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். விலை அணாவில் அச்சாகியிருந்தால் அது 1957க்கு முன் அச்சான கார்டு. பின்கோடுக்குக் கட்டங்கள் இருந்தால் 1972க்குப் பிந்தியது. முத்திரை மங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அழுத்திக் குத்திய தடம் தெரியும். பெரும்பாலும் இரண்டு முத்திரை இருக்கும், போட்ட ஊர் ஒன்று, சேர்ந்த ஊர் ஒன்று. 'விளம்பி ௵ மாசி ௴' என்று எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. விளம்பி அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும்: 1958-59, பிறகு 2018-19. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், மாசி என்றால் இரண்டாவது ஆண்டு.

இனிதான் விஷயம். நான் கிராமத்தில் தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன். கார்டை நாங்கள் படிப்போம் என்று ஊருக்கே தெரியும். படிக்கத் தெரியாத வீடுகளில் நாங்கள்தான் வாசித்தும் காட்டுவோம். அதனால் எழுதுகிறவர்கள் எதையும் நேராக எழுத மாட்டார்கள். 'நலம், நலமறிய ஆவல்' சம்பிரதாயம், தாண்டிப் போங்கள். 'நிற்க' என்ற சொல்லுக்குப் பின் காரியம் இருக்கும். இடம் தீர்ந்த பிறகு ஓரத்தில் குறுக்காக நுணுக்கி எழுதியிருப்பார்கள் பாருங்கள், மனசு அங்கேதான் இருக்கும். கையெழுத்தும் கையொப்பமும் வேறு வேறாக இருந்தால், யாரோ சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியது.

எங்கள் பெரியம்மா வீட்டுக் கம்பியில் ஒரு விளம்பி வருஷத்துக் கார்டு இருந்தது. மேலே மஞ்சள் தடவியிருந்தது, அதனால் நல்ல சேதி. ஓரத்தில் ஒரே வரி: 'பசு வெள்ளிக்கிழமை கன்றுடன் வருகிறது.' அந்த வீட்டில் பசுவே கட்டியதில்லை. தொழுவம் கிடையாது.

இப்படிப் பொருந்தாத வரி கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். கார்டை எடுத்துக்கொண்டு வீட்டின் மூத்தவரிடம் போங்கள். 'இது யார்?' என்று கேட்காதீர்கள், வாய் மூடிக்கொள்ளும். வரியை உரக்க வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள்.

நான் வாசித்ததும் சின்ன அத்தை சிரித்துவிட்டார். கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போயிருந்த மருமகள், கைக்குழந்தையோடு திரும்பி வந்த சேதியாம். "தெருவுக்குத் தெரியக்கூடாதென்று அப்படி எழுதினார்கள். ஆனால் உன்னை மாதிரித் தபால்காரன் அன்றைக்கும் ஒருவன் இருந்தானே, பசுவைப் பார்க்க வெள்ளிக்கிழமை வாசலிலேயே வந்து நின்றுவிட்டான்" என்றார்.