பொறியியல் சீட்டுக்கு இருபது லட்சம்: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. பெயர்பெற்ற ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிறது, விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு இருபது லட்சம் ஆகும், இந்த வாரமே அட்வான்ஸ் கட்டினால்தான் சீட் நிற்கும் என்கிறார்கள். தமிழகப் பொறியியல் கவுன்சிலிங் தொடங்க இன்னும் பல வாரங்கள் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு சீட் கையில் இல்லாத அந்த நேரத்தில் முடிவெடுப்பதுதான் முதல் தவறு.

சீட் கையில் இல்லாவிட்டாலும் கணக்குப் போட முடியும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்கு உங்கள் பிள்ளையின் கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று கணித்துக்கொண்டு, போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் நிரம்பியது என்ற பட்டியலோடு வைத்துப் பாருங்கள். சுயநிதிக் கல்லூரிகளில் கவுன்சிலிங் சீட்டுக்கு 2017இல் நிர்ணயித்த கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பிரிவுகளுக்கு 55,000. கோவை பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராசர் போன்ற கல்லூரிகளில் அரசு உதவிபெறும் பிரிவுகளும் உண்டு, அவற்றுக்குக் கட்டணம் இன்னும் குறைவு. பலருக்கு இது தெரிவதே இல்லை. முதல் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். அந்த ஒதுக்கீட்டில் சேருபவருக்கு விடுதிச் செலவு உட்பட அரசே கட்டிவிடுகிறது. அதை விட்டுவிட்டுக் கடன் வாங்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

அட்வான்ஸ் கட்டியே ஆக வேண்டும் என்றால் ரசீது வாங்குங்கள், அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். கல்வி நிறுவனங்கள் அசலைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லியிருக்கிறது. சீட்டை விட்டு விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் அதன் விதிகள் இருக்கின்றன.

அடுத்த தவறு, பேனரில் பார்க்கும் பேக்கேஜை நம் பிள்ளையின் சம்பளமாக நினைத்துக்கொள்வது. நாற்பது லட்சம் வாங்கியவர் ஒருவராக இருக்கலாம். ஒரே மாணவருக்கு மூன்று வேலை வந்தால் அதை மூன்றாக எண்ணி விளம்பரம் செய்யவும் வாய்ப்பு உண்டு. தேசியத் தரவரிசைக்காக, அதாவது என்.ஐ.ஆர்.எஃப்.க்காக, கல்லூரிகள் தாங்களே கொடுக்கும் விவரத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடவே இடைநிலைச் சம்பளமும் இருக்கும். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை அது. ஆயிரக்கணக்கில் மாணவர்களைச் சேர்க்கும் இடத்தில் உங்கள் பிள்ளை அந்த நடுவில் நிற்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கடன் விஷயத்தில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொன்னதும், அதுவரை வட்டியும் இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இருபது லட்சத்தில் பதினைந்து லட்சத்தைக் கடனாக, வருடத்துக்கு 3.75 லட்சம் வீதம், 10 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தவணை தொடங்குவதற்குள் தனிவட்டியே 5.25 லட்சம் சேர்ந்துவிடும். அப்புறம் 20.25 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 26,750 ரூபாய் கட்ட வேண்டும். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேருபவர் பலருக்கு ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கைக்கு வருவது மாதம் முப்பதாயிரத்துக்குள். சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகை கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளை தவணையை எப்படிக் கட்டும்? ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்கும், வீட்டுப் பத்திரம்தான் போகும். தங்கையின் படிப்பு, அப்பா ஓய்வு பெற மிச்சமிருக்கும் வருடங்கள் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிள்ளையையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

நல்ல கல்லூரியில் படித்தவர்கள் நன்றாக இருக்கிறார்களே என்று கேட்பார்கள். அவர்களில் பலர் எங்கே படித்திருந்தாலும் நன்றாக வந்திருப்பார்கள். அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டால், போட்டி குறைந்த கல்லூரியைத் தேர்ந்தவர்களும் போட்டி மிகுந்த கல்லூரியில் சேர்ந்தவர்களும் பிற்பாடு ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி உதவியது. நம் ஊர் நிலவரம் வேறுதான். ஆனாலும் கல்லூரியின் பெருமையில் அதன் மாணவர்கள் கொண்டுவந்தது எவ்வளவு என்ற கேள்வி இங்கேயும் பொருந்தும்.

சரி, இருபது லட்சம் கொடுப்பது நியாயமாகும் இடமே இல்லையா? இருக்கிறது. கவுன்சிலிங்கில் கிடைப்பது ஆசிரியரும் ஆய்வகமும் சரியாக இல்லாத கல்லூரி என்றால், சேமிப்பிலிருந்தே கட்ட முடியும் என்றால், நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்காகக் கட்டணத்தில் பெரும் பகுதியைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். அந்தத் தள்ளுபடி நான்கு வருடமும் நீடிக்க என்ன மதிப்பெண் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.