டியூப் கிட்டார் ஆம்ப் வாங்குகிறீர்களா? கிளீனிலும் டிஸ்டார்ஷனிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற 22 வாட் டியூப் ஆம்ப்பில், அதாவது வெற்றிடக் குழாய்களால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டியில், ஒலியை உடைய வைக்கும் கெயின் என்றோ டிரைவ் என்றோ ஒரு குமிழ்கூடக் கிடையாது. வால்யூமை 3இல் வைத்து வாசித்தால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகத் துலங்கும். 6க்குத் திருப்பினால் அதே கிட்டாரின் ஒலி தடித்துச் சொரசொரப்பாகி, அழுத்தி மீட்டும் இடங்களில் உறுமத் தொடங்கும். விரலைத் தளர்த்தினால் மறுபடியும் தெளியும். 1963இல் வந்த வடிவமைப்பு இது. இன்றும் கலைஞர்கள் இதைத் தேடி வாங்குவதற்கு அந்த 3க்கும் 6க்கும் இடையில் கிடைக்கும் ஒலிகள்தான் காரணம்.

டியூப் ஆம்ப் வாங்குவோர் முதலில் தடுக்கி விழுவதும் இங்கேதான். கிளீன் (தெளிந்த ஒலி) ஒரு சரக்கு, டிஸ்டார்ஷன் (உடைந்து உறுமும் ஒலி) வேறொரு சரக்கு என்று எண்ணி, "இரண்டும் நன்றாக இருக்கும் ஆம்ப் எது?" என்று கேட்கிறார்கள். டியூப் சுற்றில் இரண்டும் ஒரே பாதையின் இரு நிலைகள். உள்ளே வரும் சிக்னலை டியூப் தன் எல்லைக்குள் பெருக்கும்வரை கிளீன். எல்லையைத் தொட்டு, அலையின் முகடுகள் நசுங்கத் தொடங்கினால் டிஸ்டார்ஷன். ஆகவே வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். எனக்குப் பிடித்த டிஸ்டார்ஷன் ஆம்ப்பின் எந்தப் பகுதியில் பிறக்கிறது? அது பிறக்க எவ்வளவு சத்தம் வேண்டும்? நான் வாசிக்கும் இடம் அந்தச் சத்தத்தைத் தாங்குமா?

பகுதி என்று சொன்னதை விளக்கிவிடுகிறேன். கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் முதலில் 12ஏஎக்ஸ்7 போன்ற சிறிய பிரீஆம்ப் டியூப்களில் பெருகுகிறது. பிறகு 6எல்6, 6வி6, ஈஎல்34, ஈஎல்84 போன்ற பெரிய பவர் டியூப்கள் அதற்கு ஸ்பீக்கரை அசைக்கும் வலுவைக் கொடுக்கின்றன. பழைய மார்ஷல், வாக்ஸ் ஏசி30 ஆகியவற்றின் புகழ்பெற்ற ஒலியில் பெரும்பங்கு பவர் டியூப்கள் திணறும்போது வருவது. அந்தத் திணறலைக் கேட்க வேண்டுமென்றால் ஆம்ப் உரக்க முழங்கியே ஆக வேண்டும். கலிபோர்னியாவில் மெசா பூகி என்ற ஆம்ப் நிறுவனத்தைத் தொடங்கிய ராண்டல் ஸ்மித் 1970களின் தொடக்கத்தில் வேறு வழி கண்டார். பிரீஆம்ப் படிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அங்கேயே சிக்னலை நசுக்கி, கடைசியில் மொத்தச் சத்தத்தை மட்டும் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூமால் அதைக் குறைத்தார். மிகுந்த டிஸ்டார்ஷன் தரும் இன்றைய ஹை கெயின் ஆம்ப்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை. பிரீஆம்ப் டிஸ்டார்ஷன் இறுக்கமானது, நீண்டு ஒலிப்பது. பவர் டியூப் டிஸ்டார்ஷன் பரந்தது, விரலின் அழுத்தத்துக்கு உடனே பதில் சொல்வது. எது உயர்ந்தது என்ற வாதம் வீண். ஆனால் உங்கள் காது எதை விரும்புகிறது என்று தெரியாமல் பணம் கொடுத்தால், நல்ல ஆம்ப்பைக்கூடத் தவறான ஆம்ப் என்று திட்டிக்கொண்டிருக்க நேரும்.

அடுத்தது வாட் கணக்கு. இதில் நடக்கும் தவறுகளுக்கு அளவே இல்லை. 100 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்ப்பைவிட இருமடங்கு உரத்தது என்று நம்புகிறார்கள். உண்மையில் வித்தியாசம் 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு அது சற்றே கூடுதல். இருமடங்கு சத்தம் என்று காது உணர, ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அப்படியானால் 100 வாட் ஆம்ப்கள் ஏன் வந்தன? 1960களின் நடுவில் மேடை ஒலிபெருக்கிகள் பாடகரின் குரலைத் தாங்குவதற்கே தடுமாறின. கிட்டாரின் ஒலி அரங்கின் கடைசி வரிசைவரை ஆம்ப்பிலிருந்து நேராகவே போக வேண்டியிருந்தது. த ஹூ என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் போன்றோர் கூடுதல் வலு கேட்டதால்தான் லண்டனில் ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப்களைச் செய்தார். இன்று ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக் வைத்தால் அந்த வேலை முடிந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு 5 வாட் ஆம்ப் வாங்கினால் வீட்டில் பிரச்சினை இருக்காது என்று எண்ணுவதும் தவறு. கிட்டார் ஸ்பீக்கர்கள் மிகவும் திறன் மிக்கவை. செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் சுமார் 100 டெசிபெல் ஒலிக்கும். ஒரே ஒரு வாட்! அடுக்குமாடிக் குடியிருப்பில் 5 வாட் ஆம்ப்பின் பவர் டியூப்களை இரவில் திணற வைக்க யாராலும் முடியாது. பாதி வலு சுவிட்ச் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. அது குறைப்பது அதே 3 டெசிபெல்தான். வீட்டில் வாசிப்பவருக்கு நல்ல மாஸ்டர் வால்யூம் உள்ள ஆம்ப் வேண்டும், அல்லது ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்து வலுவைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வேண்டும்.

வாட் உண்மையில் பேசுவது கிளீனில். டிஸ்டார்ஷனுக்குக் குறைந்த வாட் போதும், கிளீனுக்குத்தான் அதிகம் வேண்டும் என்பது பலருக்குத் தலைகீழாகத் தோன்றலாம். டிரம்ஸ் வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்று, அழுத்தி மீட்டினாலும் நசுங்காத கிளீன் வேண்டுமென்றால் 15 வாட் ஆம்ப் திணறிவிடும். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 85 வாட்டில் செய்யப்பட்டிருப்பது அதற்காகத்தான். அது ஏறத்தாழ 29 கிலோ எடை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மாடிப்படி ஏறுபவர்கள் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. கிளீன் மட்டுமே வேண்டும் என்பவருக்கு டியூப்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டியூபே இல்லாத ரோலண்ட் ஜேசி-120, 1975இலிருந்து கிளீனுக்கு அளவுகோலாக நிற்கிறது.

கிளீனுக்கு ஒன்று, டிஸ்டார்ஷனுக்கு ஒன்று என இரண்டு சேனல் உள்ள ஆம்ப் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று விற்பனையாளர் சொல்லலாம். ஒன்றைப் பாருங்கள்: இரண்டு சேனல்களுக்கும் தனித்தனி டோன் குமிழ்கள் இருக்கின்றனவா, பொதுவானவையா? கிளீனுக்குப் பேஸ் (தாழ்ந்த ஒலிகள்) தாராளமாக இருந்தால் அழகு. அதே பேஸ் டிஸ்டார்ஷன் படிக்குள் நுழைந்தால் ஒலி கூழாகிவிடும். அதனால்தான் ஹை கெயின் சுற்றுகள் நசுக்குவதற்கு முன்பே பேஸைக் குறைக்கின்றன. பொதுக் குமிழ்கள் உள்ள ஆம்ப்பில் ஒரு சேனலுக்குச் சரியாக வைத்தால் மற்றது கெடும், அல்லது இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்துகொள்ள வேண்டியிருக்கும். குறைந்த விலையில் இரண்டு சேனல் தேடுவதைவிட, ஒரே சேனல் உள்ள நல்ல கிளீன் ஆம்ப்பும் ஒலியை மாற்ற ஆம்ப்புக்கு முன்னால் இணைத்துக் காலால் இயக்கும் ஒரு நல்ல பெடலும் சேர்த்து வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பெடல் போட்டால் டியூப் டிஸ்டார்ஷன் ஆகாது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் ஃபெண்டர் ஆம்ப்களுக்கு முன்னால் ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமர் என்ற பெடலை வைத்தே வாசித்தார். அந்தப் பெடல் பேஸைக் குறைத்து நடு அலைவரிசையைத் தூக்குகிறது. ஃபெண்டரில் குழிந்திருப்பதும் அதே நடுப்பகுதிதான். ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

அதே சமயம் ஒற்றைச் சேனல் என்றாலே கிளீன் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மார்ஷல் ஜேசிஎம்800இன் 2203 ஒரே சேனல் ஆம்ப். அது டிஸ்டார்ஷனுக்காகப் போற்றப்படுவது. அதில் கிளீன் வேண்டுமென்றால் கிட்டாரின் வால்யூமைக் குறைத்துப் பெற வேண்டும். அந்தப் பழக்கம் உள்ளவருக்கு அது ஒரு வரம்.

கெயினை எவ்வளவு வைப்பது? அறையில் தனியாக வாசிக்கும்போது நிறைய கெயின் இனிக்கும். நடுப்பகுதியைக் குறைத்து, பேஸையும் டிரெபிளையும் (உயர்ந்த ஒலிகளையும்) தூக்கினால் இன்னும் பிரம்மாண்டமாக இருக்கும். குழுவோடு சேர்ந்தவுடன் கிட்டார் காணாமல் போய்விடும். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் கீழே நிரப்பிவிடுகின்றன, சிம்பல்கள் மேலே. கிட்டாருக்கென்று எஞ்சியிருந்த நடுப்பகுதியை நாமே வெட்டி எறிந்துவிட்டோம். முழுக் கார்டு வாசித்து, அதன் ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால் கெயின் மிகுந்துவிட்டது. ஆம்ப் வாங்கும்போது கெயின் குமிழின் உச்சத்தை வைத்து மதிப்பிடுபவர்கள், தாங்கள் ஒருநாளும் பயன்படுத்தக் கூடாத இடத்துக்கு விலை கொடுக்கிறார்கள்.

ஸ்பீக்கரை மறப்பதுதான் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு. மார்ஷலின் முதல் ஆம்ப்பான ஜேடிஎம்45, ஃபெண்டர் பேஸ்மேனின் சுற்றை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. பேஸ்மேனில் பின்பக்கம் திறந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு. மார்ஷல், மூடிய பெட்டியில் 12 அங்குல செலஸ்டியன்கள் நான்கைக் கொடுத்தது. டியூப்களிலும் சில மாற்றங்கள் இருந்தன, ஆனால் பிரிட்டிஷ் ராக் ஒலி என்று உலகம் பின்னர் அறிந்த ஒன்றில் அந்தப் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. ஒலி பிடிக்கவில்லை என்றதும் விலையுயர்ந்த டியூப்களாக மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், அந்தப் பணத்தில் ஒரு ஸ்பீக்கரை மாற்றியிருந்தால் வேறொரு ஆம்ப்பே கிடைத்திருக்கும். டியூப் மாற்றத்தில் தெளிவாகக் கேட்கக்கூடிய ஒன்று உண்டு: முதல் படியில் 12ஏஎக்ஸ்7க்குப் பதில் 12ஏடி7 போட்டால் பெருக்கம் 100இலிருந்து 60க்கு இறங்கி, கிளீன் இன்னும் நீளும். பவர் டியூப்களைப் பொறுத்தவரை, ஃபிக்ஸட் பயஸ் ஆம்ப்களில் அவற்றை மாற்றும்போது பயஸை, அதாவது சிக்னல் இல்லாதபோது டியூப்பில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் அமைப்பை, சரிபார்க்க வேண்டும். அதற்காக நீங்களே பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும்.

கடையில் சோதிக்கும்போது சொந்த கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். சிங்கிள் காயில் பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் பகுதிக்கு) கிளீனாக இருக்கும் ஆம்ப், அதைவிட வலுவான சிக்னல் தரும் ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டாரை மாட்டினால் உடைந்து ஒலிக்கலாம். தரையில் இருக்கும் ஆம்ப் உங்கள் முழங்காலைப் பார்த்து ஒலிக்கிறது; குனிந்து, காதை ஸ்பீக்கர் உயரத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். நீங்கள் உண்மையில் வாசிக்கப்போகும் சத்தத்திலேயே கேளுங்கள். தாழ்ந்த சத்தத்தில் காதுக்குப் பேஸ் குறைவாகக் கேட்கும் என்பது ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டியது.

வாங்கிய பிறகு ஆம்ப்பைக் கொல்லும் தவறுகள் இரண்டு. முதலாவது ஸ்பீக்கர் இணைப்பில் நடப்பது: ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்ப்பை இயக்கி வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி என்றால் 8 ஓம் துளையில்தான் செருக வேண்டும். இரண்டாவது மின் இணைப்பில்: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் அதோடு முடிந்தது. போதிய திறனுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்ட உள் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறலாம் என்பதால், விலைப் பலகையைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள்.

எர்த் இணைப்பையும் விட்டுவிடக் கூடாது. கிட்டாரின் தந்திகள் ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத பிளக்கில் ஆம்ப் ஓடிக்கொண்டிருக்க, வேறு இணைப்பிலிருந்து வரும் மைக்கை உதடு தொட்டால் மின்சாரம் உங்கள் வழியாகப் பாயக்கூடும். பழைய இரண்டு பின் ஆம்ப் வாங்குவதாக இருந்தால், அதை மூன்று பின்னாக மாற்றும் டெக்னீஷியன் கூலியையும் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள்.