எட்டுச் சேனல்களை ஒரே டிரான்ஸ்பாண்டரில் ஏற்றுவது எப்படி?

டிவி சேனல்களைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் அப்லிங்க் நிலையத்தில், படத்தைச் சுருக்கும் கம்ப்ரஷன் பிரிவு என்னுடையது. அனுப்புவதை வாங்கித் தரைக்குத் திருப்பி அனுப்பும் செயற்கைக்கோள் கருவிதான் டிரான்ஸ்பாண்டர். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வேன்: டிரான்ஸ்பாண்டரின் கொள்ளளவைக் கணக்கிடாமல், படத்தைச் சுருக்கும் என்கோடரைத் தொடாதீர்கள்.

டிவிபி-எஸ் என்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 27.5 மெகா சிம்பல் (சிக்னல் அலகு), ஒரு சிம்பலில் 2 பிட் ஏற்றும் க்யூபிஎஸ்கே, நான்கு பிட்டில் மூன்றே தரவாக இருக்கும் 3/4 பிழைதிருத்தம் என்று வைத்துக்கொள்வோம். 27.5 × 2 × 3/4 × 188/204. நொடிக்கு ஏறக்குறைய 38 மெகாபிட் வரும்; இனி வரும் பிட் கணக்கெல்லாம் நொடிக்குத்தான். கடைசிப் பின்னத்தை மறந்துவிடாதீர்கள். 188 பைட் பாக்கெட் ஒவ்வொன்றோடும் பிழையைத் திருத்த உதவும் 16 பைட் ரீட்-சாலமன் குறியீடு ஒட்டிக்கொண்டு போகிறது. எட்டுச் சேனல்களின் ஒலிக்குத் தலா 192 கிலோபிட், நிகழ்ச்சி அட்டவணைகளுக்கு 1 மெகாபிட் கழித்தால், படத்துக்கு மிஞ்சுவது 35 சொச்சம். ஸ்டூடியோவிலிருந்து சுருக்காமல் வரும் எஸ்டி (சாதாரணத் தெளிவு) சிக்னல் ஒன்றே 270 மெகாபிட்!

எம்பெக்-2 முறையில் சுருக்கும் படத்துக்கு இந்த 35 மெகாபிட்டைச் சமமாகப் பங்கு போடுவது பெரும் தவறு. அசையாமல் செய்தி வாசிப்பவருக்கு 2 மெகாபிட் போதும். கால்பந்துக்கு 6 இருந்தாலும் பற்றாது. சேனல்களின் அப்போதைய தேவையைப் பார்த்துப் பிட்டுகளைப் பகிர்ந்து கொடுக்கும் ஸ்டாட்மக்ஸை இயக்கி, ஒரு சேனலுக்குக் கீழ் வரம்பு 2 மெகாபிட், மேல் வரம்பு 8 என்று வையுங்கள். விளையாட்டுச் சேனல்களை ஒரே டிரான்ஸ்பாண்டரில் குவிக்காதீர்கள். எல்லாம் ஒரே நொடியில் கை நீட்டினால் எங்கிருந்து கொடுப்பது?

அடுத்தது மூலப் படம். பழைய டேப்பிலிருந்து வந்த ஒரு நிகழ்ச்சி கட்டம் கட்டமாக உடைந்தபோது, இரண்டு இரவுகள் என்கோடரையே குடைந்துகொண்டிருந்தேன். குற்றம் டேப்பின் இரைச்சலில் இருந்தது. மணல்போல் மினுங்கும் இரைச்சலை முந்தைய சட்டத்திலிருந்து (ஃபிரேமிலிருந்து) ஊகிக்க முடியாது. என்கோடர் அதையும் அசைவு என்றே எண்ணிப் பிட்டுகளை வாரி இறைக்கிறது. என்கோடருக்கு முன்னாலேயே இரைச்சல் நீக்கியைப் போடுங்கள், மிதமாக. கூட்டினால் முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும்.

மற்றச் சட்டங்களைச் சாராமல் முழுப் படமாக வரும் ஐ-சட்டம் 12 சட்டங்களுக்கு ஒன்று இருக்கட்டும். இடைவெளி நீண்டால் சேனல் மாற்றும்போது படம் வரத் தாமதமாகும்.

சோதனையை ரிசீவர் பக்கம், பெரிய திரையில் செய்யுங்கள். நான் பார்ப்பது மைதானத்துப் புல்லை. கேமரா நகரும்போது புல் கரைந்து பச்சைப் பூச்சாகிறதா? நின்றபின், நொடிக்கு இரண்டு முறை துடிப்பதுபோல் கூர்மையாகி மங்குகிறதா? அந்தத் துடிப்பு ஐ-சட்டத்தின் தாளம், பிட் போதவில்லை. கீழ் வரம்பை உயர்த்துங்கள். அதற்கும் இடமில்லையென்றால் கிடைமட்டப் புள்ளிகளை 720இலிருந்து 544ஆகக் குறையுங்கள். சற்று மென்மையான படத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும். உடைந்த கட்டங்களைப் பொறுக்காது.