ஃபேமிலி பிளானில் ‘ஃபேமிலி’ யார்? சந்தாவைப் பங்கு போடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நிலத்தை அளந்து கல் நட்டுவிடுவார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் பத்திரத்தில் ‘கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு’ என்று எழுதிக்கொண்டு, யாருக்கு எந்தக் கிழமை மோட்டார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டம் உள்ள எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்திலேயேதான் ஓடிடி (இணையம் வழியே படம், தொடர் பார்க்கும் சேவை) சந்தாவையும் பங்கு போடுகிறோம். ஒருத்தர் கட்டுவார், நாலு வீடு பார்க்கும்.

கிணற்றில் உங்கள் பங்குக்குப் பத்திரம் இருக்கிறது. சந்தாவில் ஒரே ஒருத்தர் பேர்தான் இருக்கிறது, மற்றவர்கள் அவர் தயவில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். கம்பெனி விதியை மாற்றினால் முதலில் காய்வது அவர்கள் வயல். நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவில் அதைத்தான் செய்தது: ஒரு கணக்கு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும். திருப்பூரில் தம்பி கட்ட, பொள்ளாச்சியில் அக்கா வீட்டு டிவி ஓடிய ஏற்பாடுகள் பலவும் அதோடு நின்றன.

எல்லாத் தவறுக்கும் தாய்த்தவறு இந்த ‘ஃபேமிலி’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. நமக்குக் குடும்பம் என்றால் பங்காளி, மாமன், மச்சான், கட்டிக்கொடுத்த தங்கச்சி, நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, வரும் ஒரம்பரைச் சொந்தம் எல்லாரும். கம்பெனிக்குக் குடும்பம் என்றால் ஒரு கூரை. யூடியூப் பிரீமியம் ஃபேமிலி திட்டத்தில் கட்டுகிறவரோடு இன்னும் ஐந்து பேர் சேரலாம், ஆனால் எல்லாரும் 13 வயது தாண்டி, ஒரே முகவரியில் இருக்க வேண்டும். முப்பது நாளுக்கு ஒருமுறை அதைச் சரிபார்ப்போம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை ஃபேமிலியும் ஒரே முகவரிக்கென்றே வந்தது. நெட்ஃபிளிக்ஸ் முகவரியைக் கேட்பதில்லை. டிவி எந்த இன்டர்நெட் இணைப்பில் ஓடுகிறது என்று பார்த்து வீட்டைத் தீர்மானிக்கிறது. தோட்டத்துச் சாளையில் அப்பா அம்மா, அதே காம்பவுண்டுக்குள் பெரியவன் ஒரு வீடு, சின்னவன் ஒரு வீடு என்று இருந்தாலும், ஆளுக்கொரு பிராட்பேண்ட் போட்டிருந்தால் அதன் கணக்கில் அது மூன்று வீடு.

எல்லாச் சந்தாவும் இப்படி இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போட்டோ, மெயில் வைக்கக் காசு கட்டி வாங்கும் கூகுள் ஒன் சேமிப்பிடத்தைக் கூகுள் குடும்பக் குழுவில் உள்ள ஐந்து பேரோடு பகிரலாம். அந்தக் குழுவில் சேர ஒரே நாட்டில் இருந்தால் போதும். பொள்ளாச்சி அக்காவை வீடியோ சந்தாவில் சேர்க்க முடியாமல் போனாலும் இதில் தாராளமாகச் சேர்க்கலாம், அவருடைய போட்டோவை நீங்கள் பார்க்கவும் முடியாது. ஒவ்வொருவருக்கும் இலவசமாக உள்ள 15 ஜிபி முதலில் தீரும், அதற்குமேல் போவதுதான் பொதுப் பானையிலிருந்து போகும். பானையில் ஆளுக்கு இவ்வளவு என்ற அளவு இல்லை என்பதுதான் சிக்கல். மச்சான் தன் பையனின் காதுகுத்து வீடியோ முழுவதையும் ஏற்றிவிட்டால் 100 ஜிபி பானை ஒரே வாரத்தில் நிரம்பும். சொந்த 15 ஜிபியைத் தாண்டியவர்களுக்கு அப்புறம் ஜிமெயிலில் மெயிலே வராது.

குடும்பக் குழுவைப் பற்றி இன்னொன்று. ஒரு குழுவிலிருந்து வேறொரு குழுவுக்குப் பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறைதான் மாற முடியும். கல்யாணம் நிச்சயமான தங்கச்சியை அவசரப்பட்டு உங்கள் குழுவுக்கு மாற்றிவிட்டால், ஒரு வருஷம் போகும்வரை மாப்பிள்ளை வீட்டுக் குழுவில் சேர முடியாமல் நிற்பாள்.

அடுத்தது கணக்குப் போடாமல் பெரிய திட்டத்தை வாங்குவது. பெரியது வாங்கினால் தலைக்குக் குறையும் என்பது ஜவுளியில் சரி, இங்கே எப்போதும் சரியில்லை. 2024 ஆகஸ்டில் யூடியூப் பிரீமியம் விலையை ஏற்றியபோது தனிநபர் திட்டம் மாதம் 149 ரூபாய், ஃபேமிலி 299 ரூபாய் என்று வைத்தார்கள். இரண்டு தனிச்சந்தா 298. அதாவது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு ஃபேமிலி எடுத்தால் ஒரு ரூபாய் நட்டம்! மூன்றாவது ஆள் வந்தால்தான் லாபம் தொடங்குகிறது, ஆறு பேரும் நிறைந்தால் தலைக்கு ஐம்பது ரூபாய்க்குள் வரும். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்து மொபைல் 149, பேசிக் 199, ஸ்டாண்டர்ட் 499, பிரீமியம் 649 என்று வைத்தது. பிரீமியத்தில் நாலு திரை. நாலு பேரும் போனில் மட்டும் பார்ப்பவர்கள் என்றால் நாலு மொபைல் திட்டம் 596 ரூபாய்தான். பிரீமியத்தின் கூடுதல் விலையில் ஒரு பகுதி 4கே என்ற மிகத் தெளிவான படத் தரத்துக்கானது. வீட்டில் இருப்பது 32 இன்ச் டிவி என்றால் அந்தத் தரத்துக்குக் காசு கொடுப்பது, டிவிஎஸ் ஐம்பதுக்கு லாரி டயர் வாங்குவது மாதிரி.

ஆள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஒரே நேரத்தில் எத்தனை திரை ஓடுகிறது என்று பாருங்கள். ஆறு பேர் உள்ள வீட்டிலும் ராத்திரி எட்டு மணிக்கு ஓடுவது ஹாலில் ஒரு டிவி, அறையில் ஒரு போன், அவ்வளவுதான். அமேசான் பிரைமில் 2025 ஜனவரி முதல் ஐந்து கருவிவரை பயன்படுத்தலாம், அதில் டிவி இரண்டுக்கு மேல் கூடாது. மேல்மாடியில் மூன்றாவது டிவி மாட்டும்போதுதான் இது பலருக்குத் தெரிகிறது.

ஒரே பொருளை இரண்டு முறை வாங்குவதும் நடக்கிறது. பிராட்பேண்ட் திட்டத்தோடு இரண்டு மூன்று ஓடிடி சேர்ந்து வருகிறது, பையனுடைய மொபைல் ரீசார்ஜில் அதே ஓடிடி இன்னொரு தரம் வருகிறது, இதற்கிடையில் அப்பா போனில் அதே செயலிக்குத் தனிச்சந்தா ஓடிக்கொண்டிருக்கும். புதுச் சந்தா எடுக்குமுன் வீட்டிலுள்ள எல்லாருடைய ரீசார்ஜ் திட்டத்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிராட்பேண்ட் விளம்பரத்தில் 499 என்று இருந்தால் பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேராத விலை, பில் 589 வரும். இலவசம் என்று வருகிற ஓடிடியும் பெரும்பாலும் ஒரே திரை, மொபைல் மட்டும் என்ற வகையாக இருக்கும். அதை நம்பி டிவி சந்தாவை நிறுத்திவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாஸ்வேர்டைக் கொடுப்பதும், ஓடிபி கேட்டு வாங்குவதும்.

பல செயலிகளில் உள்ளே போக மொபைல் நம்பரும் ஓடிபியும்தான் சாவி. எங்கள் வீட்டில் ஒரு சந்தா அப்பா நம்பரில் இருந்தது. தம்பி, நான், மாமா பையன் என்று யாராவது மாதத்துக்கு இரண்டு தடவையாவது கூப்பிட்டு, “அப்பா, ஒரு மெசேஜ் வந்திருக்கும், அந்த நம்பரைச் சொல்லுங்க” என்போம். அவரும் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தால்கூடக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பார். ஒருநாள் யாரோ ஒருத்தன் பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி அதே வார்த்தையில் கேட்டிருக்கிறான். அப்பா ஆறு எண்ணில் நாலைச் சொல்லிவிட்டார். பக்கத்தில் அம்மா இருந்து, “ஏனுங்க, பசங்க குரல் மாதிரி இல்லீங்களே” என்று போனைப் பிடுங்கியதால் தப்பியது. அப்பா மேல் தப்பில்லை. போனில் கேட்டால் நம்பரைச் சொல்ல வேண்டும் என்று அவரைப் பழக்கிவிட்டது நாங்கள். மாதம் அம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அவருடைய பேங்க் கணக்குக்குக் கதவு திறந்து வைத்திருந்தோம்.

அதனால் சந்தா எப்போதும் போன் விவரம் தெரிந்த ஒருத்தர் நம்பரில் இருக்கட்டும், பெரியவர்கள் நம்பரில் வேண்டாம். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். யூடியூபைப் பகிர கூகுள் பாஸ்வேர்டைக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரே பாஸ்வேர்டில் உங்கள் மெயில், போட்டோ, போனின் பேக்கப் எல்லாம் இருக்கிறது. ஃபேமிலி திட்டம் என்பதே அவரவர் கணக்கிலிருந்து சேர்வதற்குத்தான். அழைப்பு அனுப்புங்கள், போதும்.

முகம் தெரியாதவர்களோடு பங்கு சேர்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெலிகிராமில் ‘ஒரு ஸ்லாட் அறுபது ரூபாய்’ என்று விற்பவருக்கு நீங்கள் காசு அனுப்பிய பிறகு உங்களிடம் ரசீதும் கிடையாது, உரிமையும் கிடையாது. பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் ரூம் எடுத்துத் தங்கும் பசங்களுக்கு ஒரு வார்த்தை: வருஷச் சந்தா எடுக்காதீர்கள். மே மாதம் ரூமைக் காலி செய்து ஆளுக்கொரு ஊராகப் போனபின் மிச்ச மாதங்களுக்கான காசை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

சந்தாவை நிறுத்துவதிலும் தவறு நடக்கிறது. செயலியைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆட்டோபே (மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும்) அனுமதி உயிரோடு இருக்கும்வரை பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர் முதல் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். வருகிறது, ஆனால் விளம்பர மெசேஜ்களுக்கு நடுவில் யார் படிக்கிறார்கள்? 15,000 ரூபாய்வரை ஒவ்வொரு தடவையும் ஓடிபி தேவையில்லை என்பதால் சத்தமில்லாமல் போய்விடும். யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எப்போதோ இலவச மாதத்துக்காக எடுத்தது ஒன்றாவது உள்ளே உட்கார்ந்திருக்கும்.

கடைசியாகக் காசு வசூல். அக்காவிடம் போய் மாசாமாசம் அம்பது ரூபாய் கேட்க நமக்கு வாய் வராது. கேட்டாலும், “போன நோம்பிக்கு உன்ற பொண்ணுக்கு எடுத்த பாவாடை என்ன விலைன்னு தெரியுமா?” என்று பதில் வரும். ஆனால் மொய் நோட்டில் நூற்றியொன்றைக்கூட எழுதி வைக்கிற ஊர் நம்முடையது, இதற்கும் அதே வழிதான். காசை வசூலிக்காதீர்கள், சந்தாவைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிராட்பேண்ட் அண்ணன், யூடியூப் தம்பி, சேமிப்பிடம் அக்கா என்று ஆளுக்கொன்று கட்டட்டும். எது யார் பேரில், எந்தத் தேதியில் பணம் போகும் என்று காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அது சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, பால்காரர் கணக்குக்குக் கீழே.