ஊரே உறங்கும் நேரத்தில் குமரி மாவட்டத்தை இன்ஃப்ராரெட்டில் படம் எடுக்கலாம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற அந்த 3 வாரத்தில் நமக்கென்று எந்த நேரம் மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் காப்பி குடித்து முடிப்பதற்குள் யாராவது ஒரு மாமா வந்து உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் அடுத்த வருடம் வரைக்கும் அதுவே பேச்சு. மிஞ்சுவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணியிலிருந்து மூன்றரை வரை, சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும் உள்ளே போனபின் வீடு மொத்தமும் உறங்குகிற நேரம்தான். வெளியே வெயில் கொளுத்தும், நிழலே இருக்காது, படம் எடுக்கத் தெரிந்த எவரும் அப்போது கேமராவைத் தொட மாட்டார்கள். இன்ஃப்ராரெட் எடுப்பவருக்கோ அந்த வெயில்தான் வேண்டும். நான் இதைப் பிடித்துக்கொண்டதற்கு முதல் காரணம் கலை ஆர்வமெல்லாம் இல்லை, எனக்குக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான்.

விஷயம் இதுதான். நம் கண்ணுக்குச் சிவப்பு ஏறக்குறைய 700 நானோமீட்டரில் முடிந்துவிடுகிறது. கேமராவில் இருக்கும் சிலிக்கான் சென்சார் அதையும் தாண்டி 1000 வரைக்கும் பார்க்கும், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிதான் இன்ஃப்ராரெட், அதாவது அகச்சிவப்பு. நிறம் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் கம்பெனிக்காரர்களே சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து அந்த ஒளியைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஒளியில் இலை வெள்ளையாகத் தெரியும், ஏனென்றால் பச்சையம் அதை உறிஞ்சுவதில்லை, இலைக்குள் இருக்கும் காற்று இடைவெளிகளில் பட்டுச் சிதறி அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்வதால் குளம் கறுப்பாகிவிடும், நீல வானமும் இருண்டுபோகும், மேகம் மட்டும் பஞ்சு மாதிரி நிற்கும். 1910இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இப்படிப்பட்ட படங்களை எடுத்துக் காட்டினார், அதனால் இதற்கு ‘வுட் எஃபெக்ட்’ என்று பெயர். மரம் வெள்ளையாகத் தெரிவதால் வந்த பெயர் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தென்னை, வாழை, ரப்பர், நெல், தாமரைக் குளம், பின்னால் மலை, தலைக்கு மேல் மேகம் என்று எல்லாமே ஒரே சட்டகத்துக்குள் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது. இதைவிட வேறென்ன வேண்டும்?

விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது கேமராவை. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இருக்கிற கேமராவின் லென்ஸில் ஹோயா ஆர்72 மாதிரி ஒரு கறுப்பு ஃபில்டரை மாட்டுவது. செலவு குறைவு. ஆனால் உள்ளே இருக்கும் தடுப்புக் கண்ணாடி இன்னமும் வேலை செய்துகொண்டிருப்பதால் நல்ல வெயிலில்கூட ஒரு படத்துக்குச் சில வினாடியிலிருந்து அரை நிமிடம், சில கேமராக்களில் அதற்கு மேலும் ஆகும். ஸ்டாண்ட் கட்டாயம். முதலில் ஃபில்டர் இல்லாமல் சட்டகத்தையும் ஃபோகஸையும் சரி செய்துவிட்டு அப்புறம்தான் ஃபில்டரைத் திருக வேண்டும். குமரிக் காற்றில் தென்னை ஓலை அரை நிமிடம் அசையாமல் நிற்கும் என்று நம்பினால் அது உங்கள் பாடு. முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை.

இரண்டாவது வழி, வீட்டில் தூங்குகிற பழைய கேமராவைக் கொடுத்து அந்தத் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு இன்ஃப்ராரெட் கண்ணாடி போட்டுத் தரச் சொல்வது. சில நூறு டாலர் ஆகும். என் ஓட்டு இதற்குத்தான், கையில் பிடித்தே சாதாரண ஷட்டர் வேகத்தில் எடுக்கலாம், ஸ்டாண்ட் தூக்க வேண்டாம். நீங்களே திறந்து பார்க்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள், ஃபிளாஷ் மின்தேக்கியில் தேங்கி நிற்கும் மின்சாரம் நன்றாகவே அடிக்கும். எந்த அலைநீளம் என்று கேட்பார்கள். 590 போட்டால் இலை பொன்னிறத்தில் வரும், 850 போட்டால் கறுப்பு வெள்ளை மட்டும்தான். முதல் முறை என்றால் 720 வாங்குங்கள், கொஞ்சம் நிறமும் கிடைக்கும், கறுப்பு வெள்ளையும் நன்றாக வரும். முடிந்தால் மிரர்லெஸ் கேமராவைக் கொடுங்கள், அது சென்சாரிலிருந்தே ஃபோகஸ் செய்வதால் இன்ஃப்ராரெட்டில் ஃபோகஸ் விலகும் தலைவலி வராது.

லென்ஸையும் கிளம்புவதற்கு முன் அங்கேயே சோதித்துவிடுங்கள். சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளுத்த வட்டம் ஒன்று விழும், துளையைச் சிறிதாக்க ஆக்க அது இன்னும் அதிகமாகும். விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என்னிடமிருந்த நல்ல 50 எம்எம் லென்ஸில் வட்டம் விழுந்தது, கேமராவோடு வந்த சாதா லென்ஸ் பிரமாதமாக வேலை செய்தது. துளையை எஃப் 8க்கு மேல் சிறிதாக்காமல் எடுப்பது நல்லது. பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடக் கூடாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம், 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கே தடை இருக்கிறது, விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

எப்போது போவது? நம்மில் பாதிப்பேர் டிசம்பரில், மீதிப்பேர் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை ஆகஸ்டில். இரண்டுக்கும் இரண்டு விதமான ஊர் கிடைக்கும். டிசம்பர் ஜனவரியில் நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ நெற்பயிர் நிற்கும், வடகிழக்கு மழை முடிகிற காலம், மழைக்கு மறுநாள் கழுவி வைத்த வானத்தில் மேகம் உருண்டு திரண்டு கிடக்கும். இன்னொரு வசதியும் உண்டு. அந்த மாதங்களில் மத்தியானச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நம் மலைகளோ வடக்கே. வயல் வரப்பில் நின்று சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு மலையைப் பார்த்து எடுத்தால் வானம் கன்னங்கரேலென்று வரும். ஜூன் ஜூலையில் இது தலைகீழ், உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்திருக்கும், அப்போது தெற்கே கடல் பக்கம் திரும்புங்கள். ரப்பர் தோட்டம்தான் எடுக்க வேண்டும் என்று வருபவர்கள் ஜனவரியில் ஏமாந்து போவார்கள், அது இலை உதிர்க்கிற பருவம்.

தூரத்து மலையை மறைக்கும் புகைமூட்டம் போன்ற மங்கலை இன்ஃப்ராரெட் நன்றாகவே ஊடுருவும், தாடகை மலையின் விளிம்பு கத்தியால் கீறினது போல் வரும். ஆனால் உண்மையான மூடுபனியையோ மேகத்தையோ ஊடுருவாது, அதில் இருப்பது நீர்த்துளி. காளிகேசம் பக்கம் மழைமேகம் இறங்கி நின்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இடம் என்று கேட்டால் முதலில் தேரூர் குளம்தான். சுசீந்திரத்துக்குப் பக்கத்திலேயே, நாகர்கோவிலிலிருந்து ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன, பறவை பார்க்க வருபவர்கள் காலையில் வந்து போய்விடுவார்கள், மத்தியானம் உங்களுக்கே சொந்தம். கறுப்புத் தண்ணீரின்மேல் வெள்ளைத் தாமரை இலைகள் தட்டு தட்டாக மிதக்கும். அங்கே ஒரே இடத்தில் நின்று 4 பயணமாக எடுத்து வைத்திருக்கிறேன், இலை எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்பதே ஒரு தொடராகிவிட்டது.

அடுத்தது மாத்தூர் தொட்டிப்பாலம். 1966இல் கட்டியது, சுமார் 115 அடி உயரம், பரளியாற்றுக்கு மேலே தண்ணீர் கொண்டுபோவதற்காக. எல்லோரும் மேலே நடந்து செல்ஃபி எடுப்பார்கள், நீங்கள் படியில் கீழே இறங்குங்கள். தூண்கள் சாம்பல் நிறத்தில் நெட்டுக்குத்தாக நிற்க, சுற்றிலும் தென்னையும் வாழையும் வெள்ளையாகக் கொதிக்கும். ஏறி வரும்போது மூச்சு வாங்கும், தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம்.

சிதறால் குன்றின் மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மரங்கள்தான். சமணச் சிற்பங்கள் இருக்கும் அந்த இடம் தொல்லியல் துறையின் கீழ் வருவது, வட்டக்கோட்டையும் அப்படித்தான். இப்படிப்பட்ட இடங்களில் அனுமதி வாங்காமல் ஸ்டாண்ட் விரிக்க விட மாட்டார்கள், மாற்றியமைத்த கேமராதான் கைகொடுக்கும். முட்டத்தில் பாறையும் கறுத்த கடலும் வெள்ளை நுரையுமாக நல்ல படம் கிடைக்கும், ஈரப் பாறையில் மட்டும் ஏறாதீர்கள். கன்னியாகுமரி முனையா? வள்ளுவர் சிலையையும் பாறையையும் சாதாரண கேமராவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், இலை இல்லாத இடத்தில் இன்ஃப்ராரெட்டுக்குப் பெரிதாக வேலை இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பெயர் இல்லாத இடங்கள். எங்கள் வீட்டு விளையில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு கேட் ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு பலா மரம். கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை. படத்தில் பலா பனி பெய்தது போல் வெளுத்திருக்க, கேட் கறுத்துக் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் பச்சைப் பெயின்ட் பூசி ஒளித்து வைத்த பீரங்கியைக் கண்டுபிடிக்க இன்ஃப்ராரெட் ஃபிலிமைப் பயன்படுத்தியது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். வயலை நிரவி செம்மண் கொட்டி பிளாட் போட்ட இடங்கள் ஊரைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன, அதையும் பக்கத்தில் இன்னும் பயிர் நிற்கும் வயலையும் ஒரே படத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆட்கள் விஷயத்தில் கவனம். வரப்பில் நின்றாலே யாராவது ஒரு பாட்டா வந்து “யாரு வீட்டுப் பிள்ளை மக்கா?” என்று கேட்பார், வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டுத் திரையைக் காட்டுங்கள், முடிந்தது. ஆனால் திற்பரப்பு அருவி மாதிரி ஆட்கள் குளிக்கும் இடத்தில் இந்தக் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். சில மெல்லிய செயற்கை இழைத் துணிகள் இன்ஃப்ராரெட்டில் ஊடுருவித் தெரியும், 1998இல் ஒரு வீடியோ கேமராவே இதனால் பெரிய வம்பில் மாட்டி மாற்றியமைக்கப்பட்டது. அணைகளின் மேலும் கேட்காமல் எடுக்காதீர்கள். பேச்சிப்பாறையில் காவலரிடம் முதலிலேயே கேட்டுவிட்டால் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று அவரே சொல்லிவிடுவார்.

எடுக்கும்போது ரா கோப்பில், அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில் எடுங்கள். வெயிலில் நிற்கும் புல்லைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வைத்தால் திரை முழுக்க ரத்தச் சிவப்பாக இருப்பது மாறி, பார்க்கும்படி ஆகும். கேமராவின் வெளிச்ச அளவை முழுதாக நம்ப வேண்டாம், வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பு வெட்டுப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். லென்ஸுக்கு ஹுட் போடுங்கள். வீட்டுக்கு வந்தபின் படத்தைத் திருத்தும் மென்பொருளில் சிவப்பு சேனலையும் நீல சேனலையும் இடம் மாற்றினால் செம்பழுப்பு வானம் நீலமாகும். சிலருக்கு இந்த நிற விளையாட்டுதான் எல்லாம், எனக்குப் பத்துப் படத்தில் எட்டு கறுப்பு வெள்ளையில்தான் நன்றாக இருக்கிறது.

வெளிநாட்டுக்குத் திரும்புவதற்கு முன் இரண்டு மூன்று படங்களை ஊரிலேயே பிரின்ட் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது என் வழக்கம். முதல் தடவை கொடுத்த கடையில் ஒரு தம்பி, கலர் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று இரக்கப்பட்டு, தேரூர் குளத்து இலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாக்கி, வானத்தையும் நீலமாக்கிக் கொடுத்துவிட்டான், அதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை. அந்தப் படம்தான் இப்போது அத்தை வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நீங்கள் போனால் “கரெக்ஷன் போட வேண்டாம், இது இப்படித்தான்” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கொடுங்கள்.