தராசும் ஒரு மாட்யூலும்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இறால் எடை போடும் இடம். தராசிலிருந்து யூஎஸ்பி சீரியல் கேபிள் வழியாக லினக்ஸ் கணினிக்கு எடை வரும். விடியற்காலை, படகுகள் வந்து ஐஸ் பெட்டிகள் இறங்கும் நேரத்தில் திரையில் எடை அப்படியே நின்றுவிட்டது. பில் புரோகிராமில் பாதிக் கணக்கு திறந்திருந்ததால் ரீபூட் செய்ய மனமில்லை.

கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் சிஎச்341 மாட்யூலின், அதாவது அந்த கேபிளை இயக்கக் கெர்னலில் ஏற்றப்படும் துண்டு நிரலின், பிழைகள் வரிசையாக ஓடின. மாட்யூலைக் கழற்றும் ஆர்எம்மாட் கட்டளை கொடுத்தேன், பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தது. ஏற்றியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாடில் அதன் பெயருக்கு நேரே, பயன்பாட்டு எண்ணிக்கையாக, 1. யாரோ போர்ட்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போர்ட்டை எந்த புரோகிராம் பிடித்திருக்கிறது என்று காட்டும் ஃபியூசரில் தேடினால், எடை படிக்கும் சின்ன ஸ்கிரிப்ட். அதை மட்டும் நிறுத்தினேன். மறுபடி ஆர்எம்மாட் கொடுத்ததும் மாட்யூல் சட்டெனக் கழன்றது. ஆர்எம்மாடில் வலுக்கட்டாயமாகப் பிடுங்கும் ஆப்ஷனைத் தொடாதீர்கள், கெர்னலே விழுந்துவிடலாம்.

மாட்யூலை ஏற்றும் மாட்புரோப் கட்டளையில் அதை மறுபடி ஏற்றி, ஸ்கிரிப்டை ஓட்டினேன். அடுத்த பெட்டி: 24.6 கிலோ.